தண்டுவடக் காயமும் தாம்பத்தியமும்: சோதிக்க வேண்டியது என்ன, கேட்க வேண்டியவர் யார்?

செம்பனைக்காரன், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். படுக்கைப்புண், கத்தீட்டர் (சிறுநீர் எடுக்கும் குழாய்), ஓகேயு அட்டை (மலேசிய அரசின் மாற்றுத்திறனாளி அட்டை), பெர்கெசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) படிவங்கள் என்று எதைக் கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்லும் அண்ணன்மாரும் அக்காமாரும் இங்கே இருக்கிறீர்கள். அந்தத் தைரியத்தில், நான்கு ஆண்டுகளாக யாரிடமும் வாய்திறந்து கேட்காத ஒன்றை இன்று கேட்கிறேன்.

எனக்கு வயது 36. தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் விடியற்காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தின் காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போகும் வழியில் என் மோட்டாரை லோரி இடித்துத் தள்ளியது. மார்புப் பகுதியில் டி8 என்ற இடத்தில் தண்டுவடம் அடிபட்டது. முழுமையான காயம், ஏ வகை என்றார்கள். கைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. மனைவியும் ஏழு வயது மகளும் அம்மாவும் என்னோடு இருக்கிறார்கள்.

நான் போகும் மருத்துவமனையில் இதுவரை சிறுநீர், மலம், புண், தசை இறுக்கம் எல்லாவற்றையும் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். மனைவியோடு எப்படி இருக்கிறேன் என்று ஒருவரும் கேட்டதில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளைப் பக்கத்து வீட்டு ஆசிரியரிடம் காட்டி வாசிக்கச் சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஏதோ எழுதியிருந்தது. 'பாலியல் செயல்பாடு' என்ற வரிக்கு எதிரே மட்டும் பேனாவால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். ஆசிரியர் அந்த வரிக்கு வந்ததும் நிறுத்தி, தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். அந்தக் கோட்டுக்கு 'எல்லாம் முடிந்தது' என்றுதான் நான் பொருள் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் மனைவி கத்தீட்டர் போடும்போதும் துடைத்துவிடும்போதும் என் விருப்பம் இல்லாமலேயே விறைப்பு வருகிறது. மனத்தில் நினைத்தால் ஒன்றும் நடப்பதில்லை. இது குணமாவதன் அறிகுறியா, அல்லது வேறு ஏதேனும் நோயா? இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ள முடியுமா? இதைச் சோதித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்களா? இருந்தால், என்ன செய்வார்கள், யார் முன்னால் செய்வார்கள்?

ஓய்வுபெற்ற தாதி, ஈப்போ

தம்பி, நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. இதை உங்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டியவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். மறுவாழ்வு வார்டில் பல ஆண்டுகள் வேலை செய்தவள் என்பதால் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கோடு. அதற்கு 'கேட்கவில்லை' என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. அடிபட்ட முதல் சில வாரங்களில் காயத்துக்குக் கீழே உள்ள அனிச்சைச் செயல்கள் எல்லாமே அடங்கிப்போயிருக்கும். அதைத் தண்டுவட அதிர்ச்சி என்பார்கள். அந்தக் காலம் கடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து அவை திரும்பி வரும். ஆகவே ஆரம்பத்தில் யாராவது முறையாகச் சோதித்திருந்தாலும், பிறகு மறுபடியும் சோதித்தாக வேண்டும்.

விறைப்புக்கு இரண்டு வழிகள் உண்டு. பார்ப்பது, நினைப்பது, ஆசைப்படுவது ஆகியவற்றால் மூளையிலிருந்து கிளம்பும் செய்தி, தண்டுவடத்தின் டி11 முதல் எல்2 வரையுள்ள பகுதி (டி மார்பு, எல் இடுப்பு, எஸ் அதற்கும் கீழே; எண் கூடக் கூடக் கீழே போகும்) வழியாக வெளியே வருகிறது. தொடுதலால் வருவதோ எஸ்2 முதல் எஸ்4 வரையுள்ள கடைசிப் பகுதியிலேயே ஒரு வட்டமாக நடந்து முடிந்துவிடும். அதற்கு மூளையின் உத்தரவு தேவையில்லை. உங்கள் காயம் டி8இல் இருப்பதால் மூளையின் செய்தி கீழே இறங்குவதில்லை. கீழேயுள்ள வட்டம் சேதமில்லாமல் இருக்கிறது. எனவே இது நோயல்ல, காயம் ஆறுகிறது என்பதற்கு அடையாளமும் அல்ல. உங்கள் உடலில் எது மிஞ்சியிருக்கிறது என்பதற்கான நேரடிச் சான்று அது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மருத்துவர் என்ன செய்வார் என்று கேட்டீர்கள். பஞ்சு நுனியாலும் ஊசி முனையாலும் உடலில் குறிப்பிட்ட இடங்களைத் தொட்டு, கூர்மை தெரிகிறதா, மழுங்கல் தெரிகிறதா என்று கேட்பார். அடிவயிறும் தொடையின் மேற்பகுதியும் டி11 முதல் எல்2 வரையுள்ள நரம்புகளைக் காட்டும். ஆசனவாயைச் சுற்றிய இடம் கடைசி நரம்புகளைக் காட்டும். பிறகு கையுறை அணிந்து, ஆசனவாயில் விரல் வைத்து, உள்ளே அழுத்தம் உணர முடிகிறதா, நீங்களாகச் சுருக்க முடிகிறதா என்று பார்ப்பார். அதே வேளையில் ஆணுறுப்பின் முனையை இலேசாக அழுத்தினால் ஆசனவாய்த் தசை தானே சுருங்கினால், அனிச்சை வட்டம் உயிரோடு இருக்கிறது என்று பொருள். இவ்வளவும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

கண்டதைப் பதிந்து வைக்க அனைத்துலக அளவில் ஒரு முறை இருக்கிறது. தண்டுவடக் காயத்துக்குப் பின் தன்னியக்க நரம்புகளின் செயல்பாட்டைக் குறிக்கும் அந்த முறை 2009இல் வெளியானது. நினைவால் வரும் எழுச்சி, தொடுதலால் வரும் எழுச்சி, உச்சநிலை, ஆண்களுக்கு விந்து வெளியேற்றம், பெண்களுக்கு மாதவிடாய் உணர்வு என ஒவ்வொன்றுக்கும் இயல்பாக இருந்தால் 2, குறைந்திருந்தால் 1, அறவே இல்லாவிட்டால் 0 என்று எண் இடுவார்கள். கோடு இழுக்க அதில் இடமே இல்லை.

நரம்பைச் சோதித்ததோடு மதிப்பீடு முடிந்துவிடாது. பல இடங்களில் அரைகுறையாக நிற்பது இதற்குப் பிறகுதான். என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று பார்க்க வேண்டும். இறுக்கத்துக்குத் தரும் பெக்லோஃபென், மனச்சோர்வு மாத்திரைகள், நரம்புவலி மாத்திரைகள் எல்லாம் இதில் குறுக்கிடக்கூடியவை. சிறுநீர்த் தொற்று, புண், வலி, இனிப்பு நீர் (நீரிழிவு) ஆகியவற்றைக் கேட்க வேண்டும். வீட்டில் யார் எங்கே படுக்கிறார்கள், கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, மலம் எடுத்துவிடுவது யார் என்பதையும் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் இருவருக்கும் என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். ஒருவருக்குப் பிள்ளை வேண்டும், இன்னொருவருக்கு மனைவியை அணைத்துப் படுத்தால் போதும். வேண்டியது தெரியாமல் வைத்தியத்தைத் தொடங்கக் கூடாது.

பொதுவாக ஆண்களிடம் நிரப்பக் கொடுக்கும் 15 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று 1997 முதல் புழக்கத்தில் இருக்கிறது. கடந்த நான்கு வாரங்களில் நடந்ததை அது கேட்கும். வாய்ப்பே அமையாதவருக்கு அதில் பல கேள்விகளுக்குச் சுழியம்தான் வரும். அதைப் பார்த்துவிட்டு 'இவருக்கு இயலாது' என்று முடிவு கட்டினால் அது பெரிய அநியாயம்.

லோரி டிரைவர், தாப்பா

தாதி அக்கா சொன்னதோடு என் நிலையையும் சேர்த்துப் படியுங்கள், ஏனென்றால் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. நான் சரக்கு ஏற்றும்போது லோரி மேலிருந்து விழுந்தவன். எனக்கு அடிபட்டது தண்டுவடத்தின் கடைசி முனையில். கால்கள் இறுகாமல் தொய்ந்து கிடக்கின்றன. தொட்டால் ஒன்றும் வருவதில்லை, நினைத்தால் மட்டும் ஓரளவு எழுச்சி வருகிறது. செம்பனைக்காரன் தம்பிக்கு நேர் எதிர்.

இதை யாரும் விளக்காததால் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 'ஆண்களுக்கான' தொங்காட் அலி மூலிகைக் காப்பி வாங்கிக் குடித்தேன். அரைமணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, நாற்காலியிலேயே மயங்கிச் சாய்ந்தேன். இப்படி விற்கும் பல பொருள்களில் சில்டெனாஃபில் என்ற மருந்தைச் சொல்லாமல் கலந்துவிடுகிறார்கள் என்று பிறகுதான் மருந்தாளுநர் சொன்னார். அந்த மருந்து கெட்டதல்ல. நம்மில் பலருக்கு மருத்துவர்களே அதைத்தான் முதலில் எழுதுகிறார்கள். ஆனால் அளவு தெரியாமல் குடிக்கக் கூடாது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது, இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மருந்து, மூலிகை மருந்து என்று வாங்குவதில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் அரசாங்கப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய தோட்டத்தார்

மன்னிக்க வேண்டும். நான் மூத்தவன். மருமகள்களும் பிள்ளைகளும் படிக்கும் இடத்தில் இதையெல்லாம் இவ்வளவு வெளிப்படையாக எழுதத்தான் வேண்டுமா? உயிர் பிழைத்தது பெரிது. நடக்க முடியுமா, சம்பாதிக்க முடியுமா என்பதைப் பார்க்காமல் இதைப் பெரிதாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஓய்வுபெற்ற தாதி, ஈப்போ

ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை கொடுத்தே பதில் சொல்கிறேன். எது பெரிது என்பதை அடிபட்டவர்களிடமே கேட்டிருக்கிறார்கள். கிம் ஆண்டர்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், தண்டுவடக் காயமுற்ற 681 பேரிடம் எது திரும்பக் கிடைத்தால் உங்கள் வாழ்க்கை மிகவும் மேம்படும் என்று கேட்டார்கள். கையும் செயலிழந்தவர்கள் கையைக் கேட்டார்கள். கை நன்றாக இருந்து கால் மட்டும் செயலிழந்தவர்களில் மற்ற எதையும்விட அதிகம் பேர் முதலிடம் கொடுத்தது நடைக்கு அல்ல, பாலியல் செயல்பாட்டுக்கு. வார்டில் இரவு வேலையில் இருக்கும்போது, விளக்கை அணைத்த பிறகு, இளைஞர்கள் என்னிடம் மெல்லக் கேட்டதும் இதுதான்.

மொழிபெயர்த்த மகன்

பெயர் போட விரும்பவில்லை. என் அப்பா பால்மரம் சீவியவர், தண்டுவடத்தில் அடிபட்டபோது அவருக்கு 44 வயது. அவருக்கு மலாய் கொஞ்சம்தான் வரும். எனக்கு 16 வயது, பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு நான்தான் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவேன். மருத்துவர் மலாயில் கேட்பதை நான் தமிழில் சொல்ல வேண்டும்.

ஒருநாள் மருத்துவர், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இடையே உறவு எப்படி இருக்கிறது, விறைப்பு வருகிறதா என்று தெளிவாகவே கேட்டார். எனக்குக் காது சூடானது. நான் அப்பாவிடம், 'ஒண்ணுக்குப் போறதுல சிரமம் இருக்கான்னு கேக்குறாங்கப்பா' என்றேன். அப்பா 'அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு சொல்லுப்பா' என்றார். நான் மருத்துவரிடம் மலாயில் 'தடா' (இல்லை) என்றேன். அவர் எழுதிக்கொண்டார். மறுபடியும் யாரும் கேட்கவில்லை. அப்பா போய்விட்டார். அந்த ஒரு சொல்லை இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

செம்பனைக்காரன் அண்ணா, 'யார் முன்னால்' என்று கேட்டீர்கள். தயவுசெய்து பிள்ளையை அழைத்துப் போகாதீர்கள்.

ஓய்வுபெற்ற தாதி, ஈப்போ

மகனே, 16 வயதில் அந்தச் சுமையை உன் தலையில் வைத்தது பெரியவர்கள் செய்த பிழை. அது உன் தவறல்ல.

இங்கே வார்த்தையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழ் தெரிந்த மருத்துவர் இருந்தாலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. சிலர் 'ஆண்மை இருக்கிறதா' என்று கேட்டுவிடுகிறார்கள், சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் அப்படிக் கேட்டால் அவர் அடுத்த கேள்விக்கு வாயே திறக்க மாட்டார். நான் கேட்கும் வாக்கியம் இதுதான்: 'தண்டுவடத்தில் அடிபட்ட பலருக்கும் கணவன் மனைவியாகச் சேர்ந்து இருப்பதில் மாற்றங்கள் வரும், அதைப் பற்றிக் கேட்க உங்களுக்கு ஏதாவது உண்டா?' இல்லை என்றால் விட்டுவிட்டு, அடுத்த முறை மறுபடியும் கேட்பேன். ஜாக் அனன் என்பவர் 1976இல் வகுத்த படிமுறையில் முதல் படியே, பேசலாம் என்று அனுமதி கொடுப்பது. அளவான தகவல், அவரவர்க்கேற்ற ஆலோசனை, கடைசியாகத் தீவிர சிகிச்சை என்பவை அதன் பிறகே. பெரும்பாலோருக்கு முதல் இரண்டு படிகளே போதுமானதாக இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

கோலகங்சார் அம்மா

இதுவரை ஆண்களைப் பற்றியே பேச்சு ஓடுகிறது. எனக்கு டி4இல் காயம். அடிபட்ட பிறகு எனக்கு மாதவிடாய் ஐந்து மாதம் நின்றுபோயிருந்தது. இனி எதுவும் இல்லை என்று உறவினர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அது தற்காலிகமானது, திரும்பி வந்ததும் பிள்ளை தங்கும் வாய்ப்பு முன்பு போலவே இருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே கருத்தடை பற்றியும் யாரும் பேசவில்லை. நம்மைப் போல அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காலில் இரத்தம் உறையும் ஆபத்து இருப்பதால், சில வகைக் கருத்தடை மாத்திரைகளை யோசித்துத்தான் தர வேண்டும் என்பதும் பிறகு தெரிந்துகொண்டது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. ஒரு கிளினிக்கில் என்னைப் படுக்கவைத்துக் கருவியால் உள்ளே சோதித்துக்கொண்டிருந்தபோது, திடீரென்று தலை வெடிப்பது போல வலித்தது. முகம் சிவந்து, நெற்றியிலிருந்து வியர்வை காதுக்குள் வழிந்தது. தொடைகளோ சில்லென்று இருந்தன. கூச்சத்தில் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் தொடர்ந்தார்கள். என் இரத்த அழுத்தம் எப்போதும் 95தான். அன்று 160ஐத் தாண்டியிருந்தது. டி6உம் அதற்கு மேலும் காயம் உள்ளவர்களுக்குக் கீழே ஏற்படும் எந்தத் தூண்டுதலும் இப்படி அழுத்தத்தை ஏற்றிவிடலாம். நிறைந்த சிறுநீர்ப்பை, சோதனைக் கருவி, உடலுறவு, பிரசவ வலி எதுவாக இருந்தாலும் சரி. உடனே நிறுத்தி, நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, கத்தீட்டர் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியும் இறங்காவிட்டால் மருந்து வேண்டும். பாலியல் நலத்தை மதிப்பிடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, 'அந்த நேரத்தில் தலைவலி வருகிறதா' என்பதுதான்.

எனக்கு இப்போது ஒரு மகன் இருக்கிறான். வலி தொடங்குவது எனக்குத் தெரியாது என்பதால் நாள் நெருங்கும் முன்பே சேர்த்துக்கொண்டார்கள், முதுகில் மயக்க ஊசியும் முன்கூட்டியே போட்டார்கள்.

இன்பம் இருக்குமா என்று கேட்கத் தயங்கும் பெண்களுக்கும் சொல்கிறேன். அடிவயிற்றிலும் தொடையின் மேற்புறத்திலும் பஞ்சும் ஊசியும் தெரியும் பெண்களுக்கு மனத்தின் எழுச்சியால் ஈரக்கசிவு வரும் வாய்ப்பு அதிகம். தண்டுவடக் காயமுற்ற ஆண்களிலும் பெண்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் உச்சநிலையை அடைகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனக்குக் கழுத்தும் காதும் முன்பைவிடக் கூர்மையாக உணர்கின்றன. இதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

செம்பனைக்காரன், சுங்கை சிப்புட்

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். நீங்கள் எழுதியதை எல்லாம் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். தேதி வாங்கி, ஈப்போவில் மறுவாழ்வு மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். அம்மாவை வெளியே உட்காரச் சொன்னார்கள். தமிழ் தெரிந்த தாதி ஒருவர் என் தலைமாட்டில் நின்று, மருத்துவர் கேட்டதை ஒரு சொல் விடாமல் சொன்னார்.

மருத்துவர் ஊசியை முதலில் என் கன்னத்தில் தொட்டு, 'இதுதான் கூர்மை' என்று காட்டினார். பிறகு நெஞ்சிலிருந்து கீழே இறங்கினார். தொப்புளுக்கு மேலேயே ஓரிடத்தில் எனக்குத் தெரிவது நின்றுவிட்டது. அதன் பிறகு நான் கூரையைப் பார்த்துக்கொண்டு 'தெரியவில்லை, தெரியவில்லை' என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சோதனையில் அனிச்சை இருக்கிறது என்றார். நினைவால் வருவது 0, தொடுதலால் வருவது நீடிக்காததால் 1 என்று எழுதி, அந்தத் தாளை என்னிடமே காட்டினார்.

விந்து வெளியேற்றத்துக்கு அதிர்வுக் கருவி கொண்டு சோதிக்கத் தேதி கொடுத்திருக்கிறார். டி10க்கு மேலே காயம் உள்ளவர்களுக்கு அது நன்றாகப் பலன் தரும் என்றும், 2.5 மில்லிமீட்டர் வீச்சும் நொடிக்கு 100 அதிர்வும் தேவைப்படுவதால் கடையில் விற்கும் எதையாவது வாங்கி முயல வேண்டாம் என்றும் சொன்னார். என் காயம் டி6க்குக் கீழே இருந்தாலும் முதல் முறை இரத்த அழுத்தம் பார்த்தபடியே செய்வார்களாம். விந்து பழுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், எண்ணிக்கை சரியாக இருந்தும் நீந்தும் வேகம் குறைந்திருப்பது நமக்கெல்லாம் வழக்கம், அதற்குத் தக்க வழிகள் உண்டு என்றார்.

பிறகு மனைவியிடம் திரும்பி, 'உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா' என்றார். அவள் வெகுநேரம் பேசவில்லை. கடைசியில், 'பகலெல்லாம் தாதியா இருந்துட்டு ராத்திரி எப்படிம்மா பொண்டாட்டியா மாறுறது?' என்றாள். தலைமாட்டில் நின்ற தாதி அதை மலாயில் சொல்வதற்குள் அவருக்கே குரல் உடைந்துவிட்டது.

மருத்துவர் என் கைகளைப் பார்த்து, கை நன்றாக இருக்கும்போது கத்தீட்டரை நீங்களே ஏன் போட்டுக்கொள்வதில்லை என்று கேட்டார். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்றேன். இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். இப்போது சிறுநீரும் மலமும் என் பொறுப்பு. பெக்லோஃபென் அளவையும் திரும்பப் பார்க்கிறார்கள். அம்மா அவராகவே தன் கட்டிலை மகளின் அறைக்கு மாற்றிக்கொண்டார், ஒன்றும் கேட்கவில்லை.

பழைய தோட்டத்தார்

தம்பி, படித்தேன். என் அக்காள் மகன் இரண்டு ஆண்டுகளாகப் படுத்தபடி இருக்கிறான், அவன் மனைவி தாய்வீட்டில் இருக்கிறாள். முகப்பில் என்ன சொல்லித் தேதி வாங்கினீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும். அங்கே வரிசையில் எல்லாரும் நின்றுகொண்டிருப்பார்களே.

செம்பனைக்காரன், சுங்கை சிப்புட்

ஐயா, நானும் அதைத்தான் பயந்தேன். ஒரு தாளில் 'பெனிலாயான் கெசிஹாத்தான் செக்சுவல் (பாலியல் நல மதிப்பீடு), தண்டுவடக் காயம், தமிழ் பேசும் தாதி வேண்டும், குடும்பத்தார் மொழிபெயர்க்க மாட்டார்கள்' என்று மலாயில் எழுதி, ஓகேயு அட்டையோடு சேர்த்து நீட்டினேன். முகப்பில் இருந்த பெண் படித்தார், தலையசைத்தார், தேதியை எழுதி அதே தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். உங்கள் அக்காள் மகனுக்காக அந்தத் தாளைப் படம் பிடித்து உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.